பங்கு: ஏதேனும் ஒன்றை மட்டும் குறிக்கவும்

இதனால் நாட்டு மக்கள் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: புரட்சி ஆய்வு நிலையத்தின் மகளிர் பிரிவு, மதிய இடைவேளை நீங்கலாக நான்கு ஆண்டுகள் ஊண் உறக்கம் பாராது உழைத்து, ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு பெண்களை நேரில் கண்டு, அத்தனை பேரின் படிவங்களையும் மூன்று பிரதிகளில் நிரப்பி, இறுதியில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருக்கும் மாபெரும் உண்மை என்னவென்றால், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த புரட்சியில் பெண்களும் இருந்தார்கள்.

அதுவரை இந்த விஷயம் அந்தப் பெண்களுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

உண்மையை நிறுவியவளுக்கு வயது முப்பத்தெட்டு. முனைவர் பட்டம் வாங்கியவள். வீட்டில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். வைத்தவள் அண்ணி. "ஊசி போடத் தெரியாது, மாத்திரை எழுதத் தெரியாது. காய்ச்சல்னு படுத்தா, காய்ச்சலோட வரலாற்றுப் பின்னணின்னு ஆரம்பிப்பா. ஆனா டாக்டர்!" என்று அண்ணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும். இருக்காதா பின்னே, படிக்க வைத்ததே அவள்தான். துறைமுகத்தில் மூன்றாம் எண் கிரேனை ஓட்டி.

அந்தக் கிரேன் முதலில் அண்ணனுடையது. ஒரு மழை நாளில் ஏணியில் கால் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்த பிறகு அவன் வீட்டோடு ஆகிவிட்டான். சமையல், துணி, கடைக்குப் போவது எல்லாம் அவன் பொறுப்பு. பழைய அரசு கொடுங்கோல் அரசு. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. விழுந்தவனுக்கு நஷ்டஈடு கொடுக்க மனமில்லாமல், அவன் வேலையை அவன் பெண்டாட்டிக்குக் கொடுத்து ஆளை அனுப்பிவைத்தது. அண்ணி நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி, காலடியில் கண்ணாடி போட்ட கேபினில் உட்கார்ந்து, கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தாள். முதல் நாள் வாந்தி எடுத்தாள். மூன்றாம் மாதம், துறைமுகத்திலேயே அலுங்காமல் கண்டெய்னர் இறக்குபவள் என்று பேர் வாங்கினாள்.

டாக்டரம்மா வேலை பார்த்த ஆய்வு நிலையம், பழைய அரசு தணிக்கை அலுவலகம் வைத்திருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. மேசை, அலமாரி, ஜன்னல் கம்பி எல்லாம் அப்படியே. சுவரிலிருந்த படத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். முந்தைய படம் கொஞ்சம் பெரியது என்பதால் புதியதைச் சுற்றி வெளிறிய சட்டம் ஒன்று தெரியும். இயக்குநர் உலகறிந்த அறிஞர். புரட்சி நடந்தபோது வெளிநாட்டில் புரட்சிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். "ஒரு விஷயத்தை நடுநிலையா ஆராயணும்னா, அது நடக்கும்போது நாம அங்க இருக்கக் கூடாது" என்பது அவர் கொள்கை. கொள்கையில் உறுதியாக இருந்து, எல்லாம் அடங்கிய பிறகே விமானம் ஏறினார்.

படிவத்தைத் தயாரித்தவள் டாக்டரம்மா. அதற்காகப் பதினோரு நாடுகளின் புரட்சிகளை நூலகத்தில் உட்கார்ந்து கரைத்துக் குடித்தாள். எல்லா நூல்களிலும் பெண்கள் எட்டாம் அத்தியாயத்தில் வந்தார்கள். எல்லா நூல்களிலும் ஒன்பதாம் அத்தியாயம் 'இயல்பு வாழ்க்கை திரும்பியது' என்று தொடங்கியது. இதைக் கண்டுபிடித்ததற்காகவே அவளுக்குப் பட்டம் கிடைத்தது. 'ஒவ்வொரு புரட்சியும் பெண்களைத் தெருவுக்கு அழைக்கிறது. அலுவலகங்கள் திறந்ததும் வீட்டுக்கு அனுப்புகிறது' என்ற அவளுடைய வாக்கியத்துக்குக் கீழே தேர்வாளர்கள் இரண்டு கோடு போட்டார்கள். அது பொது விதி. பொது விதிகள் நம் வீட்டுக் கதவைத் தட்டும் என்று படித்தவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

பதினோரு நூல்களிலிருந்து அவள் வடிகட்டியது ஆறு பங்குகள். உணவு அளித்தல், காயமுற்றோரைப் பேணுதல், அடைக்கலம் தருதல், செய்தி கொண்டு செல்லுதல், துக்கம் அனுசரித்தல், மற்றவை. ஏதேனும் ஒன்றை மட்டும் குறிக்கவும்.

எண்பத்தெட்டாம் படிவம் அண்ணியுடையது. ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணன் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்க, சமையலறை மேசையில் வைத்து நிரப்பினாள்.

"பங்கு என்ன அண்ணி? ஒண்ணுதான் சொல்லணும்."

"கடையில என்னென்ன இருக்கு, சொல்லு."

டாக்டரம்மா படித்தாள்.

"துக்கம்கூட ஒரு பங்காடி? அப்ப உங்க அண்ணன் என்னைக் கட்டின நாள்லேருந்து புரட்சிதான் பண்ணிட்டிருக்கார்."

"உணவுன்னு மட்டும் போட்டுடாதம்மா," என்றான் அண்ணன், தலை நிமிராமல். "இவ சமைச்சிருந்தா ரெண்டு பக்கமும் அன்னைக்கே சமாதானமாயிருப்பாங்க."

"கிரேன் இல்லையா இதுல?"

"மற்றவைன்னு இருக்கு அண்ணி."

"சரி, என்னை அதுல தள்ளு."

பிறகு விளக்கம் என்ற கட்டத்துக்காக அண்ணி சொன்னாள். ஒன்பதாம் நாள் பட்டாளத்து லாரிகள் துறைமுக வாசலுக்கு வந்தன. உள்ளே நானூறு தொழிலாளிகள். அண்ணி மேலிருந்து பார்த்தாள். கீழே சைகை காட்டுபவர் ஓடிவிட்டார். சைகை இல்லாமல், காற்று அடிக்கிற நேரத்தில், இருபது நிமிஷத்தில் ஏழு கண்டெய்னர்களை வாசலுக்குக் குறுக்கே அடுக்கினாள். நான்காவதை வைக்கும்போது கேபின் கண்ணாடியில் குண்டு பட்டது. அப்புறம் இறங்க வழியில்லை. மூன்று நாள் மேலேயே இருந்தாள். "சாப்பாடு இல்லை, தண்ணி அரை பாட்டில். மத்ததுக்கு ஒரு டப்பா. அதை எழுதாதே." டாக்டரம்மா டப்பாவை விட்டுவிட்டு மற்றதை எழுதினாள். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள். நல்ல தரவு கிடைத்தால் அவளுக்கு அப்படித்தான் ஆகும்.

நான்கு ஆண்டு முடிந்து கூட்டிப் பார்த்தபோதுதான் வம்பு வந்தது. ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கில் எழுநூற்று நாற்பத்து மூன்று பேர் 'மற்றவை'.

இயக்குநர் அட்டவணையைக் கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயுமாகப் பார்த்தார்.

"என்னம்மா இது? மற்றவை முதலிடத்துல வந்திருக்கு?"

"ஆமா சார். பஸ் ஓட்டினவங்க, அச்சகம் நடத்தினவங்க, பாலத்துல அணியை நடத்தினவங்க... புதுசா பங்குகள் சேர்த்து மறுபடியும் பிரிக்கலாம் சார். ஆறு மாசம் போதும்."

"ஆண்டு விழாவுக்கு ஆறு வாரம்தான் இருக்கு. மேல இருக்கறவங்க, உங்க ஆளுங்க நாலு வருஷமா என்ன கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டா, மற்றவைன்னு சொல்லவா? மற்றவை சின்னதா, அடக்கமா, கடைசி வரியில இருக்கணும். அதுதான் அதுக்கு அழகு. பிரிச்சு மத்த அஞ்சுலயும் போடு."

"எந்த அடிப்படையில சார்?"

"விளக்கத்துல வார்த்தை இருக்கும்ல? வார்த்தையைப் பாரு. அறிவியல்பூர்வமா பண்ணும்மா."

டாக்டரம்மாவுக்கு உறுத்தல் இல்லாமல் இல்லை. ஒரு நாள் முழுக்க உறுத்தியது. நான்கு வருட உழைப்பு அச்சேறாமல் போவதைவிட, ஒரு அட்டவணை கொஞ்சம் வளைந்து போனால் என்ன? விளக்கங்கள் எல்லாம் பின்னிணைப்பில் வருமே, படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்களே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பின்னிணைப்பு பிறகு காகிதச் செலவு கருதி நீக்கப்பட்டது.

ஒரு வியாழக்கிழமை மதியம் தட்டச்சு அக்காவும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து பிரித்தார்கள். விளக்கத்தில் சாப்பாடு என்று வந்தால் உணவு. ரத்தம் வந்தால் பேணுதல். வீடு, அறை வந்தால் அடைக்கலம். சொன்னேன் என்று வந்தால் செய்தி. கண்ணீர் வந்தால் துக்கம். பாலத்தின் மேல் முப்பது ஆண்களை நிற்க வைத்து, 'ஒரு அடி பின்னால வச்சா காலை உடைப்பேன்னு சொன்னேன்' என்றவள் செய்தி கொண்டு சென்றவள் ஆனாள். நாற்பது நாள் தலைமறைவாக அச்சகம் ஓட்டி, மை பட்டுக் கண்ணில் கண்ணீர் வழிய வழியத் துண்டறிக்கை அடித்தவள் துக்கம் அனுசரித்தவள் ஆனாள். தட்டச்சு அக்கா படிவத்தைப் புரட்டும் வேகத்தில் யாருடைய எண் என்று பார்க்க நேரமில்லை. ஐந்து மணிக்குள் 'மற்றவை' பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது. இயக்குநர் இருவருக்கும் டீ வரவழைத்தார்.

நூல் வெளிவந்தது. மாலை, மேடை, உரை. முதலிடம்: உணவு அளித்தல், நாற்பத்தாறு விழுக்காடு. "நமது தாய்மார்களின் அடுப்பிலிருந்துதான் புரட்சித் தீ புறப்பட்டது" என்று அமைச்சர் முழங்கியபோது கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. டாக்டரம்மாவும் தட்டினாள். முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு எப்படித் தட்டாமல் இருப்பது.

இரண்டு மாதம் கழித்து அண்ணி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். பெண் உழைப்பாளர் கௌரவ ஒழுங்குமுறை. பெண்கள் உயரம், பளு, இயந்திரம் ஆகிய துன்பங்களிலிருந்து கௌரவத்தோடு விடுவிக்கப்படுகிறார்கள். அந்தந்தப் பணியைப் புரட்சியின்போது புரட்சிக்காகவே செய்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. புரட்சி ஆய்வு நிலையத்தின் பங்குச் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். மனுக்களைக் கௌரவக் குழு விசாரிக்கும்.

"பயந்தே போயிட்டேன்டி," என்றாள் அண்ணி. "அப்புறம் படிச்சா, உங்க ஆபீஸ் சான்றிதழ் போதுமாம். கையில வெண்ணெய்ய வச்சுக்கிட்டு எதுக்கு அலையணும்னு வந்துட்டேன். நாளைக்கு ஒண்ணு எடுத்துட்டு வா."

மறுநாள் டாக்டரம்மா பதிவேட்டைத் திறந்து அண்ணியின் எண்ணைத் தேடினாள். எண்பத்தெட்டு. துறைமுகப் பணியாளர். பங்கு: உணவு அளித்தல்.

மூன்று நாள் சாப்பாடு இல்லாமல் இருந்தேன் என்று சொன்னாளே, அந்தச் சாப்பாடு.

திருத்தலாமா என்று இயக்குநரிடம் போய் நின்றாள். "ஒண்ணைத் திருத்தினா எல்லாத்தையும் திருத்தணும். அமைச்சர் வாயால சொன்ன நாற்பத்தாறு நாற்பத்தஞ்சு ஆகும். யோசிச்சுப் பேசும்மா," என்றார் அவர். அவள் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அண்ணி சான்றிதழை வாங்கி ஒருமுறை படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை.

"யாருடி மாத்தினது?"

"நான்தான் அண்ணி. நான்னா... ஒரு முறைப்படி பண்ணினோம். வார்த்தையை வச்சு..."

"நான் உன்கிட்டதானே சொன்னேன்? இதே மேசையில?"

"ஆமா அண்ணி."

அண்ணன் அடுப்பை அணைத்துவிட்டு நின்றான்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள் அண்ணி. குரல் உயரவே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "மெடல் வேண்டாம், மாலை வேண்டாம். மேல ஏறி உக்காந்தா கீழ இருக்கிற எவனும் என்னை ஒண்ணும் சொல்ல முடியாது. அந்த ஒரு இடம்தான். விசாரணையில வந்து நிஜத்தைச் சொல்லு."

"சொன்னா என் வேலை போயிடும் அண்ணி."

"என் வேலை போயிடுச்சு."

விசாரணைக்கு முன் இருந்த ஆறு நாளும் டாக்டரம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வாக்குமூலம் எழுதினாள். பதினோரு பக்கம், முப்பத்து நான்கு அடிக்குறிப்பு. எந்தப் படிவம் எந்தச் சொல்லால் எங்கே தள்ளப்பட்டது என்று எல்லாம் எழுதினாள். கூடவே ஒரு ராஜினாமாக் கடிதமும். எழுத எழுத அவளுக்குத் தன் மேல் ஒரு மரியாதை வந்தது. தான் இதுவரை படித்து வந்த வரலாற்றுக்குள் கடைசியில் தானே ஒரு காலை வைக்கப் போகிறோம் என்று தோன்றியது. கைது செய்வார்களா என்றுகூட யோசித்தாள். செய்தால் எந்தப் புடவை கட்டிக்கொண்டு போவது என்றும் யோசித்தாள் என்பதை மறைப்பதற்கில்லை.

கௌரவக் குழு கூடியது தொழிலாளர் அலுவலகத்தின் தரைத்தளத்தில். மனுதாரர்கள் வெளியே பெஞ்சில் இருக்க வேண்டும். நிலையத்தின் பிரதிநிதி என்ற முறையில் டாக்டரம்மா மட்டும் உள்ளே போகலாம். வரிசையில் அண்ணிக்கு முன்னால் ஒரு பஸ் டிரைவரும் இரண்டு வெல்டர்களும் இருந்தார்கள். எல்லார் கையிலும் டாக்டரம்மாவின் கையெழுத்துப் போட்ட சான்றிதழ்.

குழுத் தலைவி மகளிர் அணியின் பெரிய மனுஷி. நரைத்த தலை, தடித்த கண்ணாடி. இரு பக்கமும் இரண்டு அதிகாரிகள். ஓரத்தில் ஒரு குமாஸ்தா.

டாக்டரம்மா எழுந்து நின்று படித்தாள். நூலின் நான்காம் அட்டவணை பொய் என்றாள். பொய் என்று தெரிந்தே செய்தேன் என்றாள். வெளியே உட்கார்ந்திருக்கும் பெண்கள் சமைக்கவில்லை, இந்த ஊரைப் பிடித்துக் கொடுத்தவர்களே அவர்கள்தான் என்றாள். பதினோராம் பக்கம் முடிந்தது.

"உக்காரும்மா," என்றாள் தலைவி. "தண்ணி குடி."

குடித்தாள்.

"உன் புத்தகத்தை நான் படிச்சேன். நான் எதுல வர்றேன்னு தேடினேன். அச்சகம் ஓட்டினவ நான். நாற்பது நாள். வலது கண்ணு இன்னும் சரியா தெரியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "துக்கம்னு போட்டிருந்தே."

டாக்டரம்மா காகிதங்களை மேசையில் வைத்தாள்.

"அப்ப... அப்ப உங்களுக்கே தெரியுமே! நீங்க ஏன் சொல்லலை?"

"அந்த வாரம்தான் இந்தப் பதவி குடுத்தாங்க," என்றாள் தலைவி. சாதாரணமாகச் சொன்னாள், பஸ் தாமதம் என்று சொல்வதைப் போல.

ஒரு அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "அடுத்த மனு எடுக்கலாமா?"

"எங்க அண்ணி மனு என்ன ஆச்சு?" என்றாள் டாக்டரம்மா.

தலைவி குமாஸ்தாவைப் பார்த்தாள். அவர் பதிவேட்டில் விரலை ஓட்டினார். "மூணாம் நம்பர் கிரேன்... அதுக்கு ஆள் போட்டாச்சும்மா. போன வருஷமே உத்தரவு ஆகி, பையன் எட்டு மாசமா பயிற்சியில இருக்கான். அமைச்சரோட ஊர்க்காரன்."

"போன வருஷமா? அட்டவணையே இந்த வருஷம்தானே..."

"அட்டவணைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைம்மா. எல்லா இடத்துக்கும் அப்பவே ஆள் போட்டாச்சு."

"அப்ப இந்த விசாரணை எதுக்கு?"

"விசாரணை நடத்தணும்னு ஒழுங்குமுறையில இருக்கே," என்றார் குமாஸ்தா, அவளுடைய அறியாமையை மன்னிக்கும் குரலில். வாக்குமூலத்தை வாங்கி, பக்கங்களை எண்ணி, முதல் பக்கத்தில் 'பார்வையிடப்பட்டது' என்று முத்திரை குத்தினார்.

ஆக, அவள் பொய் சொன்னதால் அண்ணியின் கிரேன் போகவில்லை. உண்மை சொன்னதால் திரும்பி வரவும் இல்லை. நான்கு வருடமும் ஆறு நாளும் அவள் சுமந்தது எதுவும் யாருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை.

வெளியே வந்தாள். அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன் அண்ணி. எல்லாத்தையும்."

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இருவரும் துறைமுகச் சுவரை ஒட்டி நடந்தார்கள். சுவருக்கு மேலே மூன்றாம் எண் கிரேன் வேலை செய்துகொண்டிருந்தது. பெட்டி ஒன்று கொக்கியில் இடம் வலமாக ஆடியது.

அண்ணி நின்றாள். வாய் மெல்ல அசைந்தது. "விடு... விடு... இப்ப பிடி. இப்பப் பிடிடா." பெட்டி தடாலென்று இறங்கியது. அண்ணியின் வலது கை, பிடிக்க லீவர் எதுவும் இல்லாமல், காற்றில் முன்னால் போய் நின்றிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கீழே இறக்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"பஸ் வருது, வா," என்றாள். டாக்டரம்மா என்று அவள் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. தேவை ஏற்பட்டால் அண்ணனிடம் சொல்லிக் கேட்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை டாக்டரம்மா ராஜினாமாக் கடிதத்தோடு மூன்றாம் மாடி ஏறினாள். வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்கள், முந்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள்.

"வாம்மா வா," என்றார் இயக்குநர். "விசாரணையில நல்லா பேசினியாமே. தலைவி போன் பண்ணிப் பாராட்டினாங்க. நம்ம நிலையத்துப் பேரைக் காப்பாத்திட்டே."

"சார், நான் அங்க என்ன சொன்னேன்னு..."

"அதெல்லாம் இருக்கட்டும். அடுத்த ஆய்வுக்கு அனுமதி வந்தாச்சு. புரட்சிக்குப் பின் பெண்களின் நிலை. ஒழுங்குமுறையால வீட்டுக்குத் திரும்பினவங்களை எல்லாம் கண்டு பேசி, எவ்வளவு திருப்தியா இருக்காங்கன்னு அளக்கணும். இந்த முறை மற்றவைன்னு ஒண்ணு வேண்டாம். நீதான் தலைமை."

அவள் கைப்பைக்குள் கையை விட்டாள். கடிதத்தின் ஓரம் விரலில் பட்டது. அண்ணனுக்கு மருந்து வாங்க வேண்டும். வீட்டில் இனி ஒரே சம்பளம்.

"படிவம் தயார் பண்ண எத்தனை நாள் ஆகும்?" என்றார் இயக்குநர்.

ஒரு வாரம் போதும் என்றாள்.